காரைக்குடித் திண்ணையும் ரங்கூன் கடையும்

வருஷம் 1910 என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் ஒரு முதலாளி முகப்புத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் வெற்றிலைச் செல்லம். எதிரே கணக்கப்பிள்ளை. ஐயாவுக்கு ரங்கூனில் ஒரு கடை, மௌல்மீனில் ஒரு கடை, பினாங்கில் ஒன்று, கொழும்பு செட்டியார் தெருவில் ஒன்று. கடை என்றால் மளிகைக் கடை இல்லை. வட்டிக்கடை. நாலு ஊரிலும் சேர்த்து லட்சக்கணக்கில் பணம் புரண்டுகொண்டிருக்கிறது. அதில் இரண்டு ஊரை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

போன் கிடையாது. தந்தி உண்டு, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை காசு. கடிதம் எழுதினால் கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்து, பதில் எழுதி, அது திரும்பக் கப்பல் ஏறி வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ரங்கூன் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆள் நினைத்தால் இரும்புப் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு சியாமுக்கு ஓடிவிடலாம்.

நம்ம முதலாளி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எப்படி?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆபீஸ்களுக்குப் பூட்டு விழுந்தபோது, நம் மேனேஜர்கள் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். தரமணியில் கண்ணெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த பையன் திடீரென்று திருமங்கலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறான். வேலைதான் பார்க்கிறானா, இல்லை வெயிலுக்கு இதமாகத் தூங்குகிறானா? மௌஸ் அசைகிறதா என்று எண்ணிச் சொல்லும் மென்பொருளைக்கூடச் சில கம்பெனிகள் வாங்கிப் போட்டன. பையன்கள் மௌஸைத் தானாக அசைக்கும் கருவியை வாங்கிப் பதில் சொன்னார்கள். இதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வீடியோவில் முகம் காட்டக்கூடிய தூரத்தில்! ஒரு தலைமுறை முழுக்க, முகமே பார்க்காமல் மூன்று வருஷம் தொழில் நடத்திய ஊர் நம்மிடமே ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேனேஜ்மென்ட் புத்தகங்களை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நகரத்தார் வெளிநாடு போவதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கொண்டுவிக்கப் போவது. சரக்கைக் கொண்டுபோய் விற்ற காலத்துச் சொல். பிறகு சரக்கு போய்ப் பணமே சரக்கானது, சொல் மட்டும் மாறவில்லை. பர்மா, மலாயா, இலங்கை, சுமத்ரா, சைகோன் என்று வெள்ளைக்காரன் கொடி பறந்த இடங்களிலெல்லாம் கடை. பர்மாவில்தான் உச்சம். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து எண்ணியபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். கீழ் பர்மாவில் எந்த விவசாயி கிளம்பினாலும் ஒருநாள் நடைதூரத்துக்குள் ஒரு செட்டியார் கடை இருக்கும் என்கிற மாதிரி அந்தக் கமிட்டியே எழுதியது. இந்த 1,650இல் முதலாளி நேரே போய் உட்கார்ந்த கடைகள் குறைவு. பெரும்பாலும் ஆள் வைத்து நடந்தவை.

ஆள் என்றால் படிநிலை உண்டு. ஊரில் முதலாளி. கடையில் மேலாள், அதாவது ஏஜெண்ட். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாள் உட்காரும் சாய்வு மேசைப் பெட்டிக்குப் பக்கத்தில், கூப்பிட்ட குரலுக்கு ஓட, ஏவின வேலையைச் செய்ய, கூட்டிப் பெருக்க. பத்துப் பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறிய பையன்கள் உண்டு. முக்கால், அரைக்கால், மாகாணி வாய்ப்பாடும் வட்டிக் கணக்கும் தலைகீழாக வர வேண்டும். முதலாளி வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும் பல குடும்பங்களில் முதலில் பெட்டியடிதான். அதுவும் அடுத்தவர் கடையில். லகரங்களுக்கு வாரிசான பையன் வேறொருவர் கடையில் மை புட்டியைக் கழுவிக்கொண்டிருப்பான். பின்னாளில் அவன் திண்ணையில் உட்கார்ந்து ரங்கூன் கடிதத்தைப் படிக்கும்போது, எந்த வரி நிஜம், எந்த வரி பூசி மெழுகல் என்று அவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மேசைக்குக் கீழே உட்கார்ந்து வந்தவன் அல்லவா?

மேலாளாகப் போகிறவரோடு முதலில் பேசி முடிப்பது சம்பளச் சீட்டு. எந்த ஊர்க் கடை, எத்தனை காலம், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். காலம் வழக்கமாக மூன்று வருஷம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. சம்பளத்தில் நல்ல ஒரு பங்கு புறப்படும்போதே கைக்கு வந்துவிடும். வேலை செய்வதற்கு முன்பே!

கடன் கொடுத்து வட்டி வாங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சமூகம், வேலையே ஆரம்பிக்காத ஆளுக்கு வட்டியில்லாமல் முன்பணம் தூக்கிக் கொடுக்கிறது என்றால் சும்மாவா இருக்கும்? யோசித்துப் பாருங்கள். போகிறவனுக்கு ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள். பிள்ளை இருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம் பாக்கி இருக்கலாம், வீட்டுக் கூரை பாதியில் நிற்கலாம். இந்தக் கவலையோடு அவனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இரும்புப் பெட்டிச் சாவியைக் கொடுத்து உட்கார வைத்தால் கை எங்கே போகும்? பெட்டிக்குள்தான் போகும். ஆகவே கவலையை இங்கேயே தீர்த்துவிட்டு அனுப்பு. அந்தப் பணத்தை அவன் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம், வட்டிக்கும் போட்டு வைக்கலாம். கணக்கு முடிந்து லாபம் வந்தால் அதில் ஒரு பங்கும் உண்டு. பத்தில் ஒன்று என்பது பலரும் கேட்டிருக்கும் கணக்கு.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒரு கம்பெனியை நமக்கு நன்றாகத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி. லண்டனில் முதலாளிகள், சென்னைக் கோட்டையில் ஆட்கள். கடிதம் வர ஆறு மாசம். சேரும் குமாஸ்தாவுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன், பத்து பவுன் சம்பளம். அதை வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் மனுஷன் குடித்தனம் நடத்த முடியாது என்று லண்டனுக்கும் தெரியும். அதனால் சொந்த வியாபாரத்தைக் கண்டும் காணாமலும் விட்டார்கள். விளைவு? 1672இல் குமாஸ்தாவாக வந்த எலிஹு யேல் 1687இல் கவர்னர் ஆனார். பதவியை வைத்துச் சொந்தமாகச் சம்பாதித்தார் என்ற புகாரில் 1692இல் நீக்கப்பட்டார். அதன்பிறகும் சில வருஷம் இங்கேயே இருந்துவிட்டு, பெரிய செல்வத்தோடுதான் ஊர் திரும்பினார். அதில் கொஞ்சத்தை அமெரிக்காவில் ஒரு பள்ளிக்குத் தானம் செய்யப்போய், 1718இலிருந்து அது யேல் என்ற பெயரில் நடக்கிறது. காரைக்குடி முதலாளி யாராவது அந்தக் காலத்தில் லண்டனில் இருந்திருந்தால் யேலுக்கு முதல் நாளே ஒழுங்கான சம்பளம் பேசியிருப்பார். ஒரு பல்கலைக்கழகம் போயிருக்கும், போகட்டும்.

சரி, பணம் கொடுத்தாகிவிட்டது. பெண்டாட்டி? மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் வெகுகாலம் இல்லை. மூன்று வருஷம் தனியாக இருக்க வேண்டும். இதற்கும் அந்த ஊரில் ஒரு ஏற்பாடு இருந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீட்டை விட்டு வெளியே அனுப்புவது அல்ல. அதே வளவு வீடு, அதே முற்றம். ஆனால் தனி அடுப்பு, தனி அறை, வருஷச் செலவுக்கு இவ்வளவு என்று தனி வரவுசெலவு. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்குமே, கைடுகள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் போய்விடுவார்கள். ஆள் கப்பலேறும்போது ஆச்சி யார் கையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. உலையில் போட அரிசி அவள் கணக்கில் இருக்கிறது. உடம்புக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள மாமியாரும் ஓரகத்திகளும் ஒரு கதவுக்கு அப்பால் இருக்கிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்த பணம் ஆச்சியுடையது. அதை அவள் பெயரிலேயே கடையில் வட்டிக்குப் போட்டு வைப்பதும் உண்டு. ஆச்சிமார் பணம் என்றே அதற்குப் பெயர். படிப்பு அதிகம் இல்லாத பெண்கள் வாய்க்கணக்காகவே வட்டியைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள்.

போன இடத்தில் என்ன ஏற்பாடு? கிட்டங்கி. சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, ரங்கூனில் முகல் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு. நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகச் சாய்வு மேசைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு முதலாளியின் கடை! பின்னால் ஒரு அலமாரி, ஒரு இரும்புப் பெட்டி, சுவரில் சாமி படம். ஐந்தாறு அடி இடத்தில் ஒரு பேங்க். பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல், ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுக்கை. சமையல் பொதுவில், சமையல்காரர் நம்மூர்க்காரர். அந்நிய மண்ணில் மூன்று வருஷம் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, ஊர்ப் பேச்சுப் பேசி, உடம்பு சூடு என்றால் பக்கத்துப் பெட்டிக்காரர் கஷாயம் வைத்துக் கொடுக்க வாழலாம். கூடவே தண்டாயுதபாணி. கடை போட்ட ஊரிலெல்லாம் கோயிலைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள். பினாங்கில் 1857, சிங்கப்பூரில் 1859. தைப்பூசத்துக்குப் பெட்டிகள் மூடும். (போன இடத்துச் சாப்பாடும் ஊருக்குத் திரும்பி வந்தது. செட்டிநாட்டு விருந்தில் இன்றைக்கும் போடுகிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்ததுதான்.)

இந்தக் கிட்டங்கியில் இன்னொரு செளகரியமும் இருந்தது, முதலாளிக்கு. சுவரே இல்லாத கூடத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யார் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள். தேவகோட்டைக்காரர் கடிதத்தில் கடைசி வரியில் காரைக்குடிக்காரரைப் பற்றி ஒரு வரி இருந்தால் போதும், நாலு சந்தையில் விஷயம் தெரிந்துவிடும். அதற்குமேல் தண்டனைக்குக் கோர்ட்டு எதற்கு? இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். நகரத்தார் கல்யாணம் எதுவாக இருந்தாலும் கோயிலில் பதிவாகி மாலை வந்தாக வேண்டும். ஏமாற்றினவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அடுத்த சம்பளச் சீட்டு யாரும் எழுதமாட்டார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம், அவன் வீட்டில் பெண் கொடுத்து எடுப்பதற்கு ஆள் யோசிப்பார்கள்.

இதே சூட்சுமத்தைப் பதினோராம் நூற்றாண்டு யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடலில் வைத்திருந்தார்கள். கெய்ரோவில் ஒரு பழைய தொழுகைக்கூடத்தில் குவியலாகக் கிடைத்த கடிதங்களைப் படித்து, ஒருவரை ஏமாற்றிய ஏஜெண்டை மொத்தக் கூட்டமும் ஒதுக்கும், ஒழுங்காக இருப்பவனுக்கு நல்ல வருமானம் கிடைக்கும், அதனால்தான் வேலை நடந்தது என்று அவ்னர் கிரெய்ஃப் என்ற பொருளாதாரக்காரர் ஆராய்ச்சி எழுதிப் பேர் வாங்கினார். இளையாற்றங்குடிக்கு வந்திருந்தால் அவருக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

கணக்கின் நகல் கடையிலிருந்து ஊருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். ஆனால் எந்த விவசாயிக்குக் கொடுக்கலாம், எவனிடம் எப்போது கேட்கலாம் என்று திண்ணையிலிருந்து உத்தரவு போட முடியாது. அது மேலாளின் பொறுப்பு. முதலாளி பெயரின் முன்னெழுத்துகளான விலாசத்தைப் போட்டு அவரே கையெழுத்துப் போடுவார். கடைகளுக்கிடையே நடப்பு வட்டி என்னவென்பதை மேலாட்கள் கோயிலில் கூடிப் பேசி மாதாமாதம் நிர்ணயித்துக்கொண்டார்கள். அதற்கும் திண்ணையைக் கேட்கவில்லை. சோதனை என்பது மூன்று வருஷம் கழித்து. அடுத்த மேலாள் கப்பலில் வந்து இறங்குவார். பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டி, கடன்காரர்களைப் பார்த்து, ஒவ்வொரு பாக்கியையும் ஒப்புக்கொள்வார்கள். புதியவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். பின்னே? வராக்கடனை நல்ல கடன் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த மூன்று வருஷம் அது அவர் தலையில் அல்லவா விடியும்? எந்த ஆடிட்டரும் இத்தனை அக்கறையாகப் பார்க்கமாட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷம் மூன்று வருஷம்தான்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் கப்பலேறியவர், 'கணக்கு முடிஞ்சு வந்துட்டாக' என்று ஊர் திரும்பும்போது முற்றத்தில் ஒரு குழந்தை நிற்கும். ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, 'இவுக யாரு?' என்று கேட்கும். 'ஒங்க அப்பச்சிடா' என்பார்கள். செட்டிநாட்டில் இந்தக் கதையைச் சொல்லாத வீடு கிடையாது. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். மூன்று கணக்கு, நாலு கணக்கு போய் வந்தவர் தன் வாலிபத்தில் மனைவியோடு இருந்த காலத்தை மாதக்கணக்கில் எண்ணிவிடலாம். அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணோடு இன்னொரு குடும்பம் நடத்தியவர்களும் உண்டு. கணக்கு முடிந்து அவர் கப்பலேறிய பிறகு அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆனது என்று யாரும் பேரேடு வைக்கவில்லை. முன்பணம், தனி அடுப்பு, ஊர்ச் சாப்பாடு, கோயில் என்று ஆளின் தேவைகள் ஒவ்வொன்றையும் யோசித்த மூளைகள், இந்த ஒன்றை மட்டும் தேவை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தோடு போகலாம் என்ற நிலை மெதுவாக, மிக மெதுவாகத்தான் வந்தது.

இந்த வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்து எழுதியவர் ப.சிங்காரம். சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரிக்காரர். 1938இல் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானில் வட்டிக்கடை வேலைக்குப் போனவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடியும் உயிரோடு நடமாடுகிறார்கள். வரலாற்றுப் புத்தகம் தராத கிட்டங்கி வாசனையை அங்கேதான் பிடிக்கலாம்.

1930 வந்தது. உலகம் முழுக்க மந்தம். பர்மாவில் நெல் விலை அதலபாதாளம். கடன் வாங்கியவனால் வட்டி கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் இருபத்தைந்து! பேரேட்டில் சொத்து, பெட்டியில் காசில்லை. பணம் வேண்டும் என்று அனுப்பிய இடத்திலிருந்து சேற்று வயல் வந்து சேர்ந்தது. திண்ணையில் இருந்தவருக்கு அது ஏட்டில் ஒரு வரி. ஆனால் உழுத மண்ணைப் பறிகொடுத்த பர்மிய விவசாயியின் முகத்தைத் தினமும் பார்த்தது மேலாள்தான். கோபமும் அவர்மேல்தான் விடிந்தது. 1930இலும் 1938இலும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது.

மூக்கு வேர்த்தவர்கள் முன்பே நகர்ந்தார்கள். மௌல்மீனில் 1900இல் கடை ஆரம்பித்த முருகப்பச் செட்டியார் குடும்பம் முப்பதுகளில் முதலை இந்தியாவுக்குத் திருப்பித் தொழிற்சாலைகளில் போட்டது. மு.சித. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். கிட்டங்கிக்குப் பதில் கவுண்ட்டர், மேலாளுக்குப் பதில் மேனேஜர். மற்றவர்கள் அடுத்த கணக்கு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

1941 டிசம்பர் 23. ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பல் கிடைத்தவர் கப்பலில், கிடைக்காதவர் அரக்கான் மலை, மணிப்பூர்க் காடு என்று நடந்தே கிளம்பினார்கள். பர்மா நிலங்களைச் சுதந்திர பர்மா 1948இல் சட்டம் போட்டுத் தேசியமாக்கியது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மாட்டிக்கொண்ட மேலாட்கள் கதைதான் அதிகம் பேசப்படாதது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததும் ஊருக்குத் தபால் நின்றுபோனது. திண்ணையிலிருந்து ஒரு வரி வராது, அடுத்த மேலாள் வரமாட்டார். ஜப்பான்காரன் தன் நோட்டை அச்சடித்துத் தள்ளினான். வாழை மரம் படம் போட்ட நோட்டு. மாசத்துக்கு மாசம் அதன் மதிப்பு சரிய, கடன் வாங்கியவர்களுக்குக் குஷி. யுத்தத்துக்கு முன்னால் நல்ல டாலரில் வாங்கிய கடனை அடைக்கக் கட்டுக்கட்டாக வாழை நோட்டோடு கிட்டங்கிக்கு வந்து நிற்பார்கள். வாங்கினால் முதலாளியின் முதல் காகிதமாகிறது. மாட்டேன் என்றால் ஜப்பான் பணத்தை மதிக்காதவன் என்று கெம்பெய்த்தாயிடம் புகார் போகும். அப்புறம் ஆள் திரும்புவது நிச்சயமில்லை. யாரைக் கேட்பது? சம்பளச் சீட்டில் இதற்கு வரி இல்லை. பக்கத்துப் பெட்டிக்காரர் முகத்தைப் பார்ப்பார், அவர் இவர் முகத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் வாங்கிக்கொண்டார்கள், வரவும் எழுதினார்கள்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் வாழை நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. அப்போது அடைத்த கடன்கள் அடைந்தனவா இல்லையா என்று வழக்குமேல் வழக்கு. 1948இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த மாதத்தில் கொடுத்த ஜப்பான் டாலருக்கு நிஜ டாலர் எவ்வளவு என்று படிப்படியாக இறங்கும் ஒரு அட்டவணையும் அதில் இருந்தது.

அதற்கு முன்பே கப்பல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. மூன்று வருஷம் என்று போய் ஐந்தாறு வருஷம் கழித்து நாகப்பட்டினத்தில் இறங்கிய மேலாட்கள், ரயில் பிடித்துக் காரைக்குடி வந்து, பேரேட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் ஏறினார்கள். ஒவ்வொரு வாழை நோட்டு வரவுக்கும் எதிரே தேதி இருந்தது, பேர் இருந்தது. முதலாளி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.